கிளட்ச் அக்காவின் கிளட்ச் இல்லாத கார்

அவருக்கு வீட்டில் வைத்த பெயர் ஒன்று இருந்தது. வங்கிக் கணக்கையும் ஓட்டுநர் உரிமத்தையும் தவிர வேறெங்கும் அது பயன்படவில்லை. ஊருக்கு அவர் கிளட்ச் அக்கா. ஓட்டுநர் பயிற்சிப் பள்ளி நடத்தியவர். பக்கத்து இருக்கையில் உட்கார்ந்துகொண்டு "கிளட்ச்... கிளட்ச்சை மிதிம்மா... அது கால் வைக்கிற பலகை இல்ல" என்று அவர் போடும் சத்தம் கடைத்தெருவின் இந்த முனையிலிருந்து அந்த முனைவரை கேட்கும்.

வண்டி ஓட்ட அவர் எந்தப் பள்ளியிலும் கற்கவில்லை. கல்யாணத்துக்கு முன் ஒரு பார்சல் கிடங்கில் பெட்டிகளைப் பிரித்து அடுக்கும் வேலை பார்த்தார். வேன்கள் வந்து நிற்கும். ஓட்டுநர்கள் டீ குடிக்கப் போய்விடுவார்கள். பின்னால் வந்த வேன்கள் ஹார்ன் அடித்துக்கொண்டே இருக்கும். ஒருநாள் மேலாளர் பொறுமை இழந்து, "யாராவது இந்த வண்டியை எடுத்துத் தொலைங்கப்பா" என்று கத்தினார். யாரைப் பார்த்துக் கத்தினார் என்று இவர் யோசிக்கவில்லை. ஏறி உட்கார்ந்து எடுத்துவிட்டார். இவருக்கு ஓட்டத் தெரியாது என்பது சுவரில் விழுந்த கீறலைப் பார்த்த பிறகுதான் மேலாளருக்கு விளங்கியது. திட்டித் தீர்த்தார். பிறகு அந்த வேலையை இவரிடமே கொடுத்தார், உரிமம் வாங்கி வரச் சொல்லி.

கிடங்கில் முன்னால் ஓட்ட இடம் கிடையாது. சரக்கு ஏற்றும் மேடைக்கு வேனின் முதுகைக் கொண்டுபோய் ஒட்ட வேண்டும். காலை முதல் மாலைவரை ரிவர்ஸ்தான். கல்யாணமாகி, மகள் பிறந்து, பழைய கார் ஒன்றை வாங்கிப் பயிற்சிப் பள்ளி தொடங்கியபோது, முன்னால் ஓட்டியதைவிடப் பின்னால் ஓட்டியதுதான் தனக்கு அதிகம் என்று அவரே சொல்லிச் சிரிப்பார்.

பள்ளி என்றால் பெரிதாக நினைத்துக்கொள்ள வேண்டாம். வீட்டை ஒட்டித் தகர ஷெட் ஒன்று. அதன் வாசலில் ஒரு பலகை. ஒரு பக்கத் திருகாணி எப்போதும் தளர்ந்திருக்கும்; காற்றடித்தால் பலகை தலையாட்டும். உள்ளே ஒரு கார், ஒரு மேசை, சுவரில் சாலைக் குறியீடுகளின் படம். அச்சகத்தில் வேலை பார்த்த கணவர் அச்சிட்டுத் தந்த படம் அது. கொஞ்சம் தள்ளி ஒரு மைதானம். அங்கே தண்ணீர் ஊற்றிய பெயிண்ட் டப்பாக்களை வரிசையாக வைத்து நடுவில் பின்பக்கமாக வரச் சொல்வார். டப்பா விழுந்தால் திரும்பத் தண்ணீர் பிடித்து வைப்பது விழச் செய்தவரின் வேலை.

ஒரு விதி அவருக்கு வேதம். வண்டியை எடுக்குமுன் ஒரு அடி உருட்டிப் பார்க்க வேண்டும். "நீ எந்தப் பக்கம் போகப் போறேன்னு உனக்குத் தெரியும். வண்டிக்கும் தெரியுமான்னு பாரு. ஒரு அடி உருட்டு. அப்புறம் போ." ஊரில் பாதிப் பேர் அவரிடம் கற்றவர்கள். இன்றும் அந்த ஊர்க்காரர்கள் காரை எடுத்தவுடன் ஒரு அடி போய் நின்று, பிறகுதான் கிளம்புவார்கள். வெளியூர்க்காரர்களுக்குக் காரணம் புரியாது.

இருமல் ஆரம்பித்த வருடம் அவர் அதைக் கண்டுகொள்ளவில்லை. மகள்தான் இழுத்துக்கொண்டு போனாள். மருத்துவர் எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"எத்தனை வருஷமா சிகரெட் பிடிக்கறீங்க?"

"சிகரெட்டா? ஊதுவத்தி ஏத்தினாலே எனக்குத் தும்மல் வரும் டாக்டர்."

"என்ன வேலை பாக்கறீங்க?"

"டிரைவிங் ஸ்கூல். கண்ணாடியை இறக்கி விட்டுத்தான் சொல்லித் தருவேன். கை காட்டணுமே."

மருத்துவர் படத்தைக் கீழே வைத்தார். "அப்போ ஊர் பூரா பிடிச்சதை நீங்க ஒருத்தரே இழுத்திருக்கீங்க."

வீட்டுக்கு வந்ததும் அவர் நேராக ஷெட்டுக்குள் போய்க் காரைக் கிளப்பிவிட்டுப் பின்னால் வந்து நின்றார். புகைக்குழாயைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"ஊரைச் சொல்றாரு. இதையும் சேர்த்துத்தானே சொல்றாரு."

மகள் மின்பொறியியல் படித்தவள். லிஃப்ட்டுகளுக்குக் கட்டுப்பாட்டுப் பெட்டி செய்யும் நிறுவனத்தில் வேலை. அளந்து பேசுவாள். அன்றும் அப்படித்தான் சொன்னாள்.

"எஞ்சினை எடுத்துட்டு மோட்டார் வைக்கலாம்மா. கார் இதே கார்தான்."

"செலவு?"

"மத்ததெல்லாம் பாத்துக்கலாம். பேட்டரிதான் நம்ம கைக்கு அடங்காது."

"ஊர்கிட்ட கேட்டா?"

கணவர் செய்தித்தாளிலிருந்து தலையைத் தூக்கினார். "என்னன்னு கேப்ப? நாலு சக்கரத்துல பிச்சைன்னா?"

"வித்தை காட்டிக் கேப்பேன். சும்மா கேட்டாத்தான் பிச்சை."

மகள் இணையத்தில் நிதி திரட்டும் பக்கம் ஒன்று தொடங்கினாள். அதில் புவி சூடாவது பற்றியும் கரிப்புகை பற்றியும் வரைபடங்களோடு எழுதினாள். தப்பில்லாமல் எழுதியிருந்தாள். சித்தி ஒருத்தி மட்டும் பணம் போட்டாள். அவளும் படித்துப் பார்த்துப் போடவில்லை, பாசத்தில் போட்டாள்.

"உன் பக்கத்தைப் படிச்சா பரீட்சைக்குப் போற மாதிரி இருக்குடி. நீ பேட்டரியைப் பாரு. ஊரை நான் பாத்துக்கறேன்."

முதல் வித்தை துணி. கடைத்தெருவில் தையல்கடை வைத்திருந்தவர் அவருடைய பழைய மாணவர். ஒல்லியான மனிதர். பெயிண்ட் டப்பாக்களை அதிகம் சாய்த்தவர் என்ற பெருமை அவருக்கு உண்டு. அவரிடம் கிளட்ச் அக்கா வெள்ளைத் துண்டுத் துணிகளை மூட்டையாக வாங்கினார். சிக்னலில் வண்டிகள் நிற்கும்போது, ஓட்டுநரைக் கேட்டு, புகைக்குழாயின் வாயில் துணியை ஒரு நிமிடம் பிடித்துக்கொண்டு நிற்பார். துணியில் கறுப்பு வட்டம் விழும். அந்தத் துணிகளைத் தையல்கடையிலிருந்து எதிர்ப்புற பேக்கரிவரை கொடி கட்டிக் காயப்போட்டார். ஒவ்வொன்றிலும் கணவர் அச்சடித்துக் கொடுத்த சீட்டு. பஸ். சரக்கு லாரி. டாக்ஸி. முதல் துணிதான் எல்லாவற்றிலும் கறுப்பு. அதன் சீட்டில் இருந்தது: "டிரைவிங் ஸ்கூல் கார். என்னுடையது."

பேக்கரிக்காரர் வாசலுக்கு வந்து இடுப்பில் கை வைத்துப் பார்த்தார். ஊரிலேயே பெரிய உடம்பு அவருக்கு. வாயும் அதற்கேற்ற அளவு.

"என்ன தங்கச்சி, வெளுக்கத் தெரியாத வீட்டுத் துணி மாதிரி இருக்கு?"

"உங்க டெலிவரி வேன் துணியும் அதுல இருக்கு அண்ணே. நடுவுல பாருங்க."

அவர் பார்த்தார். உள்ளே போனார். ஒரு தட்டு பன் வெளியே வந்தது.

இரண்டாவது வித்தை முட்டை. பெட்ரோலில் பெரும்பகுதி சக்கரத்துக்குப் போவதில்லை, சூடாகவே வீணாகிறது என்பதை மகள் வரைபடத்தில் காட்டியிருந்தாள். இவர் காரை ஊர் முழுக்க ஒரு சுற்று ஓட்டிவந்து, சந்தை வாசலில் நிறுத்தி, பானெட்டைத் திறந்து, எஞ்சின் மேல் ஒரு தகரத் தட்டை வைத்து முட்டையை உடைத்து ஊற்றினார். வெந்தது. "நீங்க பெட்ரோல் போடறது அடுப்புக்கு. கூடவே கொஞ்சம் காரும் ஓடுது" என்றார். முட்டை வாங்கித் தின்றவர்கள் பெட்டியில் காசு போட்டார்கள். எண்ணெய் வாசனை அடிக்கிறது என்று குறைசொல்லிக்கொண்டே இரண்டாவது முட்டை கேட்டார்கள்.

மூன்றாவது, தள்ளுவது. பழைய மாணவர்கள் எல்லாரும் வர வேண்டும். எஞ்சினை அணைத்துவிட்டுக் காரைத் தெரு முழுக்கத் தள்ள வேண்டும். இவர் உள்ளே உட்கார்ந்து ஸ்டியரிங் பிடிப்பார். பல வருடம் இவரிடம் வசவு வாங்கியவர்கள் வரிசையில் நின்று தள்ளினார்கள். இவர் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, "புகை வருதா?" என்று கேட்பார். "வரல அக்கா" என்று பின்னாலிருந்து மூச்சு வாங்கும் குரல்கள். அந்தக் காட்சியை யாரோ படமெடுத்து இணையத்தில் போட்டார்கள். மகளின் பக்கத்துக்கு அன்றுதான் உயிர் வந்தது.

பேட்டரி என்பது ஒரே பெட்டி இல்லை. செங்கல் அளவிலான செல்கள் பல சேர்ந்தது. ஒரு செல்லுக்கு ஒரு கூட்டம் என்று மகள் பிரித்தாள். தையல்கடைத் தெருவுக்கு ஒன்று. பேக்கரியில் வேலை செய்பவர்களுக்கு ஒன்று. சேர்ந்து உரிமம் வாங்கிய நர்ஸ்கள் நான்கு பேருக்கு ஒன்று. ஒவ்வொரு செல்லின் மேலும் மார்க்கரில் பெயர் எழுதினாள். வந்து பார்க்கலாம், தொடக் கூடாது. ஷெட்டில் தினமும் ஆள் நடமாட்டம்தான்.

"எந்த செல்லும்மா அதிகமா இழுக்கும்?" என்றார் தையல்காரர்.

"எல்லாம் ஒரே வரிசைல இருக்கு. எல்லாத்துலயும் ஒரே கரண்ட்தான் போகும்."

"இருந்தாலும்..."

"இருந்தாலும் என் செல்தான்" என்றார் பேக்கரிக்காரர். "ஒருத்தன் உடம்பைப் பாத்தாலே தெரியாது?"

ஊரில் நம்பாதவர்களும் இருந்தார்கள். பணம் போட்டவர்களிலேயே இருந்தார்கள். பேக்கரிக்காரரே அதில் முதல் ஆள். "சமதரையில பொம்மைக் கார்கூட ஓடும் தங்கச்சி. தண்ணித் தொட்டி மேட்டுல ஏறுமா?"

தண்ணீர்த் தொட்டிக்குப் போகும் சாலை ஊரிலேயே செங்குத்தானது. புதிதாகக் கற்பவர்களை இவர் கடைசிப் பாடத்துக்கு அங்கேதான் கூட்டிப்போவார். பாதி ஏற்றத்தில் நிறுத்தி மறுபடி எடுக்கச் சொல்வார். அங்கே அழுதவர்கள் உண்டு.

"ஏறும்."

"நான் பின்னாடி உக்காந்தா?"

"மாவு மூட்டையும் எடுத்துட்டு வாங்க. ஏறும்."

"ஏறலைன்னா?"

கடையில் பத்துப் பேர் கேட்டுக்கொண்டிருந்தார்கள். இவருக்கு எப்போதும் கூட்டத்தின் முன்னால் வாய் ஒரு கியர் அதிகமாக ஓடும்.

"ஏறலைன்னா ஸ்கூல் பலகையைக் கழட்டிடறேன்."

சொன்ன பிறகுதான் யோசித்தார். பலகை போனால் தொழில் போகும். ஊரிடம் வாங்கிய பணம் எல்லாம் செல்லாக மாறி ஷெட்டில் உட்கார்ந்திருந்தது. கார் ஏறவில்லை என்றால் யார் முகத்திலும் விழிக்க முடியாது. வீட்டுக்கு வந்து மகளிடம் சொன்னார்.

"கணக்குப்படி ஏறும்மா" என்றாள் மகள்.

"கணக்கை விடு. நீ என்ன சொல்ற?"

"ஏறும்."

எஞ்சின் வெளியே வந்தது. கியர்பெட்டியும் கிளட்ச்சும் வெளியே வந்தன. மின்காருக்குக் கிளட்ச் தேவையில்லை என்று தெரிந்த அன்று அவர், "அப்போ இனிமே நான் என்னத்தைச் சொல்லிக் கத்தறது?" என்றார்.

மோட்டாரைப் பொருத்தும் இரும்புத் தகட்டைப் பட்டறையில் துளையிட்டுக் கொடுத்திருந்தார்கள். அது மகள் வரைந்ததற்கு நேர் எதிர்ப்பக்கமாக இருந்தது. திருப்பிக் கொடுத்தால் நாளாகும். அதனால் மோட்டாரையே திருப்பிவைத்துப் பொருத்தினாள். பார்த்தால் கச்சிதமாக இருந்தது.

சோதனை நாளன்று சாலையில் ஓட்டும் அனுமதிச் சீட்டு இன்னும் வரவில்லை. அதனால் காரைத் தாங்கிகளின் மேல் தூக்கி, சக்கரங்கள் அந்தரத்தில் இருக்க வைத்தார்கள். மகள் காருக்கு அடியில் படுத்திருந்தாள். இவர் உள்ளே. தையல்காரரும் பேக்கரிக்காரரும் சுவரோடு ஒட்டி நின்றார்கள், ஏதோ வெடிக்கப் போவதுபோல.

"மெதுவா மிதிம்மா."

சத்தமே இல்லை. தூரத்தில் தையல் இயந்திரம் ஓடுவதுபோல ஒரு ரீங்காரம் மட்டும். சக்கரம் சுற்றியது.

பேக்கரிக்காரர்தான் முதலில் கை தட்டினார். தையல்காரர் கண்ணைத் துடைத்தார். அடியிலிருந்து வெளியே வந்த மகளின் முகமெல்லாம் கரி. இவர் அந்தக் கரியோடு அவளை இழுத்துக் கட்டிக்கொண்டார். பன் வந்தது. டீ வந்தது. கணவர் அச்சகத்துக்கு ஓடினார், நோட்டீஸ் அடிக்க.

சக்கரம் எந்தப் பக்கம் சுற்றியது என்று யாரும் பார்க்கவில்லை.

மேடேறும் நாள் காலையில் அனுமதிச் சீட்டு கையில் இருந்தது. ஆனால் தொட்டிச் சாலை வரைக்கும் வழியெல்லாம் கூட்டம், நெரிசல். புது வண்டியை அதில் விட மகளுக்கு மனமில்லை. பேக்கரியின் பெட்ரோல் வேனில் கயிறு கட்டி இழுத்துக்கொண்டு போனார்கள். பேக்கரிக்காரருக்கு வாய் காதுவரை போனது. "நல்லாப் பாத்துக்கங்கப்பா, யாரு யாரை இழுக்கறாங்கன்னு." சட்டைப் பையிலிருந்து ஒரு ஸ்க்ரூ டிரைவரை எடுத்துக் காட்டினார். "பலகைக்கு" என்றார்.

ஏற்றத்தின் இரண்டு பக்கமும் மொட்டை மாடிகளில் தலைகள். சாலையில் யாரும் இறங்காதபடி ஒரு போலீஸ்காரர் கயிறு கட்டியிருந்தார். அவரும் பழைய மாணவர். "அக்கா, அடுத்த பஸ் வர்ற வரைக்கும்தான் மூட முடியும். அதுக்குள்ள முடிச்சிடுங்க" என்றார்.

காரின் மூக்கை மேட்டைப் பார்த்து நிறுத்தினார்கள். பின் இருக்கையில் பேக்கரிக்காரரும் அவர் பக்கத்தில் தையல்காரரும். காலடியில் மாவு மூட்டைகள். முன்னால் பக்கத்து இருக்கையில் மகள். இவர் கண்ணாடியைச் சரிசெய்தார். பெல்ட்டைப் போட்டார். பழக்கத்தில் இடது கால் கிளட்ச்சைத் தேடி வெறும் தரையை மிதித்தது. கியருக்குப் பதில் வைத்த திசைச் சுவிட்சை முன்பக்கம் தள்ளி, மெதுவாக அழுத்தினார்.

கார் பின்னால் போனது.

போனது ஒரு அடி. அதற்குள் வலது கால் பிரேக்கில் இருந்தது. இவர் சுவிட்சைப் பார்த்தார். முன்பக்கம்தான். மகளைப் பார்த்தார். மகளின் முகத்தில் ஈயாடவில்லை.

"மோட்டாரைத் திருப்பி வெச்சேன்" என்றாள், உதடு அசையாமல். "திசையை மாத்த மறந்துட்டேன்மா."

"ரிவர்ஸ்ல போட்டா?"

"முன்னாடி போகும். ஆனா ரிவர்ஸுக்குப் பலத்தைக் குறைச்சு வெச்சிருக்கேன். நடக்கிற வேகம்தான். மேட்டுல ஏறாது."

"மாத்த முடியாதா?"

"ஒரு நிமிஷ வேலை. லேப்டாப் வேணும். ஷெட்ல இருக்கு. மேல போற பட்டனை அமுக்கினா லிஃப்ட் கீழ போற மாதிரி பண்ணிட்டேன். என் வேலையே இதுதானேம்மா."

"என்ன தங்கச்சி, தொட்டி அந்தப் பக்கம் இருக்கு" என்றார் பேக்கரிக்காரர் பின்னாலிருந்து.

இவர் கூட்டத்தைப் பார்த்தார். ஷெட்டுக்குப் போய்வர வேண்டுமானால் இந்தக் கூட்டத்தைத் தாண்ட வேண்டும். அதற்குள் பஸ் வந்துவிடும். கயிற்றை அவிழ்த்துவிடுவார்கள். எல்லாரும் வீட்டுக்குப் போய்விடுவார்கள், கார் பின்னால் போனதை மட்டும் பார்த்துவிட்டு. ஷெட் வாசலில் தலையாட்டும் பலகை அவர் கண்ணுக்குள் வந்தது. பக்கத்தில் மகள் கைகளை மடியில் இறுக்கி உட்கார்ந்திருந்தாள். பள்ளிக்கூடத்தில் மதிப்பெண் குறைந்தபோதும் அப்படித்தான் உட்காருவாள்.

"முன்பக்கம் போட்டா முழுப் பலமும் இருக்கா?"

"இருக்கு. ஆனா பின்னாடிதான் போகும்."

"பிரேக், ஸ்டியரிங் எல்லாம் சரியாத்தானே இருக்கு?"

"அதுல ஒண்ணுமில்ல."

"அப்புறம் என்னடி. நான் சோறு தின்னதே பின்னாடி ஓட்டித்தான்."

சுவிட்சை ரிவர்ஸில் போட்டார். கார் முன்னால் ஊர்ந்தது. ஸ்டியரிங்கை ஒடித்தார். மறுபடி மாற்றினார். பின்னால் போனது. சாலையின் அகலத்துக்குள் முன்னும் பின்னுமாக வளைத்து, காரைத் திருப்பி நிறுத்தினார். இப்போது காரின் முதுகு மேட்டைப் பார்த்தது. கூட்டம் மூக்கில் விரல் வைத்தது. இவர் இடது கையைப் பக்கத்து இருக்கையின் தோளில் போட்டு, உடம்பைத் திருப்பிப் பின் கண்ணாடியைப் பார்த்தார்.

தெரிந்ததெல்லாம் பேக்கரிக்காரர்.

"அண்ணே, படுங்க."

"என்னது?"

"ரோடு தெரியல. தையல்காரர் மடியில படுங்க."

"தங்கச்சி, நான் எப்படி..."

"பலகையைக் கழட்டணும்னா உக்காந்திருங்க. ஏறணும்னா படுங்க."

பேக்கரிக்காரர் படுத்தார். தையல்காரர் அவருக்கு அடியில் காணாமல் போனார். பின் கண்ணாடி நிறையச் சாலை வந்தது. அதன் முடிவில் தொட்டி.

ஒரு அடி உருட்டினார். நிறுத்தினார். வண்டிக்கும் தெரிந்திருந்தது. பிறகு மிதித்தார்.

கார் ஏறியது. இரைச்சல் இல்லை, புகை இல்லை, திணறல் இல்லை. டயருக்கடியில் சரளை நொறுங்குவதுகூடக் கேட்டது. மாடிகளில் யாரோ குழந்தைக்குச் சொல்வதும் கேட்டது: "அந்த அக்கா பின்னாடி பாத்து ஓட்டறாங்க பாரு." வளைவில் ஒரு விரலால் திருத்தினார், அவ்வளவுதான். புதியவர்கள் அழுகிற இடத்தில் வேண்டுமென்றே நிறுத்தினார். மறுபடி எடுத்தார். ஒரு விரற்கடைகூட வண்டி நழுவவில்லை. மகள் அந்த நேரத்திலும் ஒன்றைக் கவனித்தாள். காரை இழுப்பது முன்சக்கரங்கள். பின்பக்கமாக ஏறும்போது பாரம் சரிந்து அவற்றின் மேல்தான் விழுகிறது. முன்பக்கமாக ஏறியிருந்தால் இவ்வளவு பிடிப்பு இருந்திருக்காது. இதை அம்மாவிடம் சொல்ல வாயெடுத்தாள். அம்மா கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பின்னால் பார்த்துக்கொண்டிருந்தார். உதட்டோரம் சிரிப்பு. அப்புறம் சொல்லிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டாள்.

தொட்டியின் நிழலில் கார் நின்றபோது கீழே பஸ் ஹார்ன் அடித்தது.

கூட்டம் மேட்டில் ஏறி வந்தது. கேபிள் டிவிக்காரர் ஒருவர் மைக்கை நீட்டினார். அவருக்கு மூச்சு இரைத்தாலும் கேள்வி தயாராக இருந்தது.

"அருமைங்க. இந்த பூமிக்காக நாம வந்த பாதையிலயே திரும்பிப் போகணும்னு அழகா சொல்லிட்டீங்க. இந்த யோசனை எப்படி வந்துச்சு?"

மகள் தரையைப் பார்த்தாள். அம்மா 'ஆமாம்' என்று சொன்னால் போதும். யாருக்கும் தெரியாது. அழகாகவும் இருக்கும்.

"யோசனையெல்லாம் இல்லைங்க" என்றார் கிளட்ச் அக்கா. "மோட்டார் திரும்பி உக்காந்திருக்கு. அன்னிக்கு ஷெட்ல சக்கரம் சுத்தின சந்தோஷத்துல எந்தப் பக்கம் சுத்துதுன்னு நாங்க யாரும் பாக்கல. ஒரு அடி உருட்டிப் பாருன்னு உங்க எல்லாரையும் திட்டுவேன். நானே உருட்டிப் பாக்கல. இவங்க எல்லாம் காசு போட்டவங்க. அவங்களுக்கு உள்ளது தெரியணும்."

மைக் மெல்ல இறங்கியது.

பேக்கரிக்காரர் காரிலிருந்து பாதி வெளியே வந்திருந்தார். மாவு அவர் முதுகெல்லாம். "அப்போ செல்லுல ஒண்ணும் கோளாறு இல்லையே?"

"செல்லுல ஒரு குறையும் இல்ல அண்ணே."

"அதானே பாத்தேன். நம்ம செல்லு."

உள்ளேயிருந்து தையல்காரர் சொன்னார்: "என்னை யாராவது வெளிய எடுங்கப்பா."

சிரிப்பு அடங்க நேரமாயிற்று. போகும்போது பேக்கரிக்காரர் ஷெட் வாசலில் வேனை நிறுத்தி இறங்கினார். ஸ்க்ரூ டிரைவரை எடுத்து, பலகையின் தளர்ந்த பக்கத் திருகாணியை இறுக்கினார். "இத்தனை வருஷமா ஆடிட்டே இருந்துச்சு. கண்ணுக்கு உறுத்தல்" என்று சொல்லிவிட்டுப் போனார். அதன் பிறகு அந்தப் பலகை தலையாட்டவில்லை.

மாலையில் மகள் லேப்டாப்பை இணைத்தாள். ஒரு வரியை மாற்றினாள்.

"அவ்வளவுதானா?" என்றார் அம்மா.

"அவ்வளவுதான்."

"இதுக்கா அப்படி முகத்தைத் தொங்கப் போட்ட?" முழங்கையால் ஒரு இடி இடித்தார். "நல்ல வேளை மறந்த. முன்னாடி போயிருந்தா யாரு பாத்திருப்பா?"

அது பொய்யும் இல்லை. நேராக ஏறிய கார்களை ஊர் பார்த்திருக்கிறது. பின்பக்கமாக ஏறிய காரைப் பற்றித்தான் பேசியது. அடுத்த வருடம் பேக்கரி வேன் மாறியது. அதற்கும் மகள்தான் மோட்டார் வைத்தாள். தாங்கியிலிருந்து இறக்கியவுடன் பேக்கரிக்காரரே ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்து, ஒரு அடி உருட்டி, எட்டிப் பார்த்து, "முன்னாடிதான்" என்று ஊருக்கே கேட்கும்படி அறிவித்தார். துணிக்கொடி ஒவ்வொரு வருடமும் கட்டப்பட்டது. முதல் இடத்தில் கிளட்ச் அக்காவின் துணி. இப்போது அது தையல்காரர் கொடுத்தது கொடுத்தபடி வெள்ளையாக இருந்தது.

அவர் கற்றுக்கொடுப்பதை நிறுத்தவில்லை. கண்ணாடியை இறக்கிவிட்டு மெதுவாகப் பேசினார். கத்துவதற்குக் கிளட்ச் இல்லை, மூச்சும் இல்லை. இருமல் வந்தால் வண்டியை ஓரம் கட்டச் சொல்வார். மாணவர் பயந்து பார்த்தால், "எனக்குத்தான் பழைய எஞ்சின். வண்டிக்கு ஒண்ணுமில்ல, எடு" என்பார். இடது கால் மட்டும் கடைசிவரை மாறவில்லை. அவர் உட்காரும் பக்கத்து இருக்கையின் முன்னால், கற்றுக்கொடுப்பவருக்கான கிளட்ச் இருந்த இடத்தில், தரைவிரிப்பு ஓட்டை விழுந்திருந்தது.

அவர் போன மறுநாள் வீடு நிறைய ஆட்கள். கணவர் வாசலில் நாற்காலி போட்டு, வந்தவர்களுக்குத் தலையசைத்தபடி உட்கார்ந்திருந்தார். மகள் ஷெட்டில் காரின் பக்கத்தில் நின்றாள். தையல்காரர் உள்ளே வந்தார்.

"எங்க செல் எப்படிம்மா இருக்கு?" என்றார்.

மகள் அவரைப் பார்த்தாள். லேப்டாப்பை எடுத்து வந்து இணைத்தாள். திரையில் செல்கள் வரிசையாக வந்தன.

"தையல்கடைத் தெரு. மூணு புள்ளி மூணு வோல்ட். நல்லா இருக்கு அண்ணே."

அவர் தலையாட்டினார். பின்னால் பேக்கரிக்காரர் வந்து நின்றிருந்தார். கையில் பன் தட்டு. அவர் கேட்கவில்லை. மகளே படித்தாள். அதுவும் மூன்று புள்ளி மூன்று. நர்ஸ்கள் வந்தார்கள். போலீஸ்காரர் தொப்பியைக் கழற்றிக்கொண்டு வந்தார். ஒவ்வொருவராக ஷெட்டுக்குள் வந்து நிற்க, அவள் ஒவ்வொன்றாகப் படித்தாள். எல்லாம் ஒரே அளவு.

எல்லாரும் கேட்டு முடித்ததும் பேக்கரிக்காரர் தட்டை மேசைமேல் வைத்தார். "வண்டி சும்மா நின்னா பேட்டரிக்கு ஆகாதுன்னு தங்கச்சி சொல்லும்" என்றார்.

"ஆகாதுதான்."

"அப்போ எடு கண்ணு. ஒரு சுத்து போயிட்டு வரலாம்."

மகள் ரிவர்ஸுக்கு வைத்திருந்த பலக்குறைப்பை லேப்டாப்பில் நீக்கிவிட்டு, ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்தாள். பேக்கரிக்காரர் பின்னால் ஏறினார், தையல்காரரும் அவர் பக்கத்தில். அம்மாவின் இருக்கையில் யாரும் உட்காரவில்லை. அவள் பெல்ட்டைப் போட்டாள். ஒரு அடி உருட்டி நிறுத்தினாள். முன்னால்தான்.

ஷெட்டை விட்டு வெளியே வந்ததும் தொட்டிச் சாலைப் பக்கம் திருப்பினாள். ஏற்றத்தின் அடியில் காரை நிறுத்தி, யாரையும் கேட்காமல், முன்னும் பின்னுமாக வளைக்க ஆரம்பித்தாள்.

பேக்கரிக்காரருக்குப் புரிந்தது. பெருமூச்சு விட்டுக்கொண்டு தையல்காரர் மடியில் சாய்ந்தார்.

"ரோடு தெரியுதா கண்ணு?"

"தெரியுது மாமா" என்றாள்.